செல்லக்கனி பேரில் உள்ள கார்

அந்தக் கார் செல்லக்கனியின் பேரில் இருந்தது. அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. அஞ்சுகிராமம் வட்டாரத்தில் கல்ஃபுக்குப் போனவன் எவன் வீட்டில் நுழைந்து பார்த்தாலும் மனை, வீடு, கேஸ் கனெக்ஷன், கார் என்று சகலமும் மனைவி பேரிலோ அம்மா பேரிலோதான் இருக்கும். கையெழுத்துப் போட வேண்டியவன் மஸ்கட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் இங்கே ஆபீஸில் யார் வரிசையில் நிற்பது? செல்லக்கனியின் புருஷன் வைகுண்டராஜனும் அப்படித்தான் வாங்கினான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது, கியர் மாற்ற வேண்டாத வண்டியாகத் தேடிப்பிடித்து, செல்லக்கனி பேரில் எழுதி, வாசலில் கொண்டு நிறுத்தினான். "நமக்கு அங்க ஓட்டிப் பழகின காலு. கிளட்ச்ச மிதிச்சிட்டுக் கெடக்க முடியாது பாத்துக்கோ" என்று அவளிடம் கெத்துக் காட்டினான்.

நாலு வருஷம் கழித்து அந்தக் கால் இரண்டும் போயின. கம்பெனி லாரியின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவன் கயிறு அறுந்து பின்பக்கமாக விழுந்தான். முதுகெலும்பில் அடி. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் அவனைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டபோது மகள் அஜிதாவுக்கு மூன்று வயது. அப்பாவுக்கு வண்டி வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்து மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு வருஷம் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். எழுப்பி உட்காரவைத்தது எபிசன். பக்கத்துத் தெருவில் லேத்தும் வெல்டிங்கும் வைத்து ஒர்க்ஷாப் நடத்துகிறவன், வைகுண்டராஜனை விட ஏழெட்டு வயது இளையவன். ஒரு நாள் வந்து, காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து அளவெடுத்துக்கொண்டு போனான். இரண்டு வாரத்தில் இடது கைப் பக்கமாக ஒரு கம்பியைப் பொருத்தினான். முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலேட்டர். வலது கைக்கு ஸ்டீயரிங்கில் ஒரு குமிழ். அவ்வளவுதான். கம்பியைப் பிடித்து ஒரு தெரு சுற்றி வந்ததும் வைகுண்டராஜன் எபிசனின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை கொடுத்தான். சந்தோஷத்தில் அவனுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதற்கப்புறம் அந்தக் கார்தான் குடும்பம். செல்லக்கனி பஸ் ஸ்டாண்டு பக்கம் பூக்கடை போட்டாள். விடியும் முன்னே வைகுண்டராஜன் தனியாகத் தோவாளைச் சந்தைக்குப் போவான். காரை நிறுத்தி ஜன்னலை இறக்கினால் பிச்சியும் கேந்தியும் தானாக வரும். மூட்டைகளைப் பின் சீட்டில் ஏற்றிக்கொடுக்க ஆள் உண்டு. திரும்பி வந்து பூவை இறக்கிவிட்டு அஜிதாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவான். பூ வாடையோடு வகுப்புக்கு வருகிறாள் என்று பிள்ளைகள் அவளைக் கேலி செய்தார்கள். அவள் அதைப் பெருமையாகத்தான் வந்து சொல்வாள்.

பதினைந்து வருஷம் முடிந்ததால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், வண்டியை நேரில் காட்ட வேண்டும் என்று வந்தது வினை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் சாம்பல் நிற சஃபாரி சூட்டில் வந்த இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமணி மோசமான ஆள் இல்லை. டிரைவர் சீட்டில் இருந்தவனின் கால்களைப் பார்த்ததும், "நீங்க எறங்காண்டாம், இருங்க" என்று சொல்லி அவரே கீழே குந்தி டார்ச் அடித்துப் பார்த்தார். கம்பியை இழுத்தார், தள்ளினார். நட்டு ஒவ்வொன்றையும் விரலால் திருகிப் பார்த்தார்.

"யாரு செஞ்சா?"

"எங்க ஊருலதான் சார். எபிசன்னு ஒரு பையன்" என்றாள் செல்லக்கனி, பரிசு வாங்க வந்தவள் மாதிரி.

"வேலைக்காரன்தான்" என்றார். பிறகு கம்பியின் நடுவில் விரலை ஓட்டிக்கொண்டே போனவர் இரண்டு இடத்தில் நிறுத்தினார். பெயின்டுக்குக் கீழே மோதிரம் மாதிரி இரண்டு தடிப்பு. "இது என்ன, ரெண்டு எடத்துல வெல்டிங் வச்சு நீட்டியிருக்கு? மொதல்லயே அளவு பாத்துச் செய்யலியா?"

வைகுண்டராஜன் கண்ணாடி வழியாக மைதானத்தைப் பார்த்தான். "நீளம் பத்தாம இருந்துது சார்" என்றான்.

"பிரேக்குக்குப் போற கம்பியில ஒட்டே இருக்கக்கூடாது. ஒரு நாளைக்கு ஒட்டு விட்டுதுன்னு வையுங்க, அதோட தீந்துது." இன்ஸ்பெக்டர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "கம்பெனி குடுத்த வண்டிய நம்ம இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஒங்கள மாதிரி ஆளுகளுக்கு மட்டும் அதுல வழி விட்டிருக்கு. ஆனா அதுக்கும் ஒரு மொறை உண்டு."

முறையை அவர் பொறுமையாகச் சொன்னார். வண்டி ஓட்டுகிறவர் பேரிலேயே இருக்க வேண்டும். அங்கீகாரம் உள்ள கம்பெனியின் கைப் பிரேக் சாமான்தான் போட வேண்டும், லேத்தில் கடைந்தது கூடாது. முன் அனுமதி வாங்க வேண்டும். லைசென்ஸிலும் அந்த மாதிரி வண்டி என்று எழுத வேண்டும், அதற்கு இவர் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் கம்பியை எல்லாம் கழற்றிவிட்டு, கம்பெனியிலிருந்து வந்தபடியே கொண்டு வந்து காட்டினால் செல்லக்கனி பேரிலேயே அடுத்த ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவார்.

"எனக்கு எதுக்கு சார் வண்டி? எனக்கு ஓட்டத் தெரியாதே. அவங்க பேருக்கே மாத்திருவோம்" என்றாள் செல்லக்கனி. "பத்து வருஷமா ஓட்டுகாங்க. ஒரு கோழி மேலகூட ஏத்துனதில்ல."

"ஏத்தியிருந்தா நான் இப்பிடி நின்னு பேசிட்டு இருக்க மாட்டேம்மா. டாக்டர் சர்டிபிகேட் ஏதாவது இருக்கா?"

இருக்கிறதே! செல்லக்கனி பையிலிருந்து லேமினேஷன் போட்ட காகிதத்தை எடுத்து நீட்டினாள். இன்ஸ்பெக்டர் அதை ஒரு தடவை வாசித்தார். காருக்குள் பார்த்தார். மறுபடியும் வாசித்தார்.

"ஊனம் தொண்ணூறு சதவீதம். ரெண்டு கையிலயும் பலம் இல்ல. தினப்படி காரியத்துக்கு நிரந்தரமா ஒரு ஆள் ஒத்தாசை வேணும்." அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இத வச்சுட்டு நான் எப்பிடிம்மா எழுத? இதுல உள்ளது நெசம்னா, இவரு இப்ப வண்டிய ஓட்டிட்டு வந்ததே பெரிய குத்தம்."

நிஜம் இல்லை என்று செல்லக்கனி எப்படிச் சொல்வாள்? அவள்தானே கெஞ்சி வாங்கினாள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஊனச் சான்றிதழ் கொடுக்க முகாம் போட்டிருந்தார்கள். சதவீதம் குறைந்தால் மாதாமாதம் வருகிற உதவித்தொகை கிடைக்காது, கை நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் குறைத்துவிடுவார்கள் என்று ஊரே சொல்லிற்று. ஊர் சொன்னால் அதற்கு மேல் என்ன இருக்கிறது? போகிற காலையில் வைகுண்டராஜன் கண்ணாடி முன்னால் இருந்து தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தான். அய்யாவழிக் குடும்பம். நிழல்தாங்கலுக்குக் கும்பிடப் போகும்போது ஆண்கள் தலைப்பாகை கட்டாமல் போவதில்லை. வைகுண்டராஜன் நல்ல காரியம் எதற்குப் போனாலும் கட்டுவான். அவன் கட்டுவதைப் பார்க்கவே அழகாக இருக்கும். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, துணியின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நாலே சுற்றில் முடித்துவிடுவான்.

செல்லக்கனி அதை வெடுக்கென்று பிடுங்கினாள். "இத்தன வடிவா தலைப்பா கட்டுகவருக்குக் கையில பலம் இல்லன்னு எந்த டாக்டர் எழுதுவாரு? தொங்கப் போட்டுட்டு இருங்க. கையப் பிடின்னு சொன்னா பிடிக்காண்டாம். தூக்குன்னு சொன்னா தூக்காண்டாம். நான் பேசிக்கிடுகேன்."

அவன் அப்படியே செய்தான். டாக்டர் தன் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னபோது, லாரி ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை அவன் செத்த மீனாகப் போட்டு வைத்திருந்தான். செல்லக்கனி நன்றாக அழுதாள். அழுவதற்கு அவளுக்கு அன்றைக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவன் சாப்பிடவில்லை. "காலு போனன்னைக்குக்கூட இப்பிடி இல்ல, ஏட்டி" என்று மட்டும் சொன்னான். அந்தக் காகிதத்தைத்தான் அவள் பத்திரமாக லேமினேஷன் போட்டு வைத்திருந்தாள்.

இப்போது அதை மாற்ற வேண்டும். மறுபரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள், தேதியும் வந்தது. அதற்குள் புதுச் சாமானுக்குச் சொல்லி வைக்கலாம் என்று அவள் எபிசனின் ஒர்க்ஷாப்புக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் முன்னால் தலைகுனிய வைத்த அந்த இரண்டு ஒட்டைப் பற்றி நாலு வார்த்தை கேட்காமல் விடுவதாகவும் இல்லை.

"ஏலே எபிசா, மொதல்லயே நீட்டமா செஞ்சிருக்கக்கூடாதா? ஒட்டு ஒட்டா வச்சு, அந்த ஆளு மோந்து பாத்துட்டாருல்லா."

எபிசன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். "அளவு தப்பல்ல, மைனி" என்றான்.

"பின்ன?"

"சொல்லக்கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருக்காரு."

"நான் இப்ப வாங்கட்டா சத்தியம்?"

அவன் ஒரு இரும்புத் துண்டை எடுத்து இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றிக்கொண்டிருந்தான். "கம்பி நீளம் கூடுனா அமுக்க பலம் கொஞ்சம் போதும், மைனி. அடிபைப்புக் கைப்பிடி மாதிரிதான். மூணு வருஷத்துக்கு முந்தி வந்து, ஒரு நாலு இஞ்சு நீட்டித் தாடேன்னாரு. தோள்ல பிடிப்புன்னாரு. போன கிறிஸ்மஸுக்கு முந்துன வாரம் மறுபடியும் வந்தாரு, இன்னும் மூணு இஞ்சுன்னு. நான் கையப் பிடிச்சுப் பாத்தேன். இடது கையில ஒண்ணும் இல்ல, மைனி. மாட்டேன்னேன். அவரு அழுதாரு. நான் என்ன செய்ய?"

செல்லக்கனி திரும்பி நடந்தாள். நடக்க நடக்க ஒவ்வொன்றாக வந்தது. அவன் தலைப்பாகையைக் கட்டுவதை எப்போது நிறுத்தினான்? இப்போதெல்லாம் கட்டினபடியே தொப்பி மாதிரி எடுத்து வைத்துக்கொள்கிறான், கழற்றி ஆணியில் மாட்டுகிறான். சோம்பேறித்தனம் என்று அவள் ஏசியிருக்கிறாள். போன மாசம் சுண்டுவிரலில் கொப்புளம். சூடான டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்திருக்கிறான், சுட்டதே தெரியவில்லை. கிறுக்கு மனுஷன் என்று சொல்லி எண்ணெய் தடவினாள். பூக்கடையில் வாடின பூவைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. வீட்டில் கண்ணை எங்கே கொண்டு வைத்திருந்தாள்?

அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவள் நேரே போய்த் தன் கையை அவன் இடது கையில் வைத்தாள்.

"பிடியுங்க."

அவனுக்குப் புரிந்துவிட்டது. பிடித்தான். சின்னப் பிள்ளை பிடிப்பது போல இருந்தது.

"வலது?"

"அது கொள்ளாம், பரவால்ல. பாதி இருக்கு."

"எத்தன வருஷமா?"

"மூணு, நாலு. மொதல்ல மரமரன்னு இருந்துது. போயிரும்னு நெனச்சேன்." அவன் சன்னல் வழியாகக் காரைப் பார்த்தான். "வண்டியில ஏறி இருந்துட்டா என்னைய ஒருத்தனும் தூக்காண்டாம் பாத்துக்கோ. தோவாளையில ஜன்னல் பக்கம் குனிஞ்சு அண்ணாச்சி, அண்ணாச்சின்னு பேசுகானுவ. பின்னால எவனாவது ஹாரன் அடிச்சா நானும் எறங்கி ரெண்டு வார்த்தை கேக்குகவன் மாதிரி மொறைச்சிட்டுப் போறேன். வீட்டுல நான் யாரு? காலையில தூக்கி வைப்பிய, ராத்திரி தூக்கிப் போடுவிய. நான் ஒரு சாமான். இந்த வண்டியையும் எடுத்துட்டா நான் பின்ன எதுக்கு இருக்கேன், நீயே சொல்லு."

இனிமேல் ஓட்ட வேண்டாம் என்று அப்போது செல்லக்கனி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளைக் கோபிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஒரு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷனை அவள் பார்த்திருக்கிறாள், கோபிக்கிறவர்கள் பார்த்ததில்லை. அவள் மூக்கைச் சிந்திவிட்டு, பழையபடி சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தாள்.

"டாக்டர் கையக் குடுத்தா வலது கையத்தான் மொதல்ல நீட்டணும். மூச்சப் பிடிச்சிட்டு இறுக்குங்க. இடது கையக் கேட்டா, நேத்து பூ மூட்டை விழுந்து சுளுக்குன்னு நான் சொல்லுகேன். தூக்கச் சொன்னா ஒரே வீச்சுல தூக்கிருங்க, மெதுவா தூக்குனாத்தான் கை நடுங்கும்."

பத்து நாள் பழகினார்கள். ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தாள். அஜிதா பாடப் புஸ்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு வயதுப் பெண், அந்த நாட்களில் அவள் அதிகம் பேசவில்லை. பேசாத பிள்ளையிடம் ஏன் பேசவில்லை என்று கேட்க செல்லக்கனிக்கு நேரம் இருக்கவில்லை.

பரிசோதனை அன்றைக்கு எபிசன்தான் கார் ஓட்டினான். வைகுண்டராஜன் பக்கத்து சீட்டில் தலைப்பாகையோடு இருந்தான். புறப்படும்போது மூவரில் எபிசன் வேதக்காரக் கிறிஸ்தவன் என்பதை மறந்து, "அய்யா உண்டு" என்று சேர்ந்தே சொன்னார்கள்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். பழைய காகிதத்தை வாசித்துவிட்டு, "கையில பலம் இல்லன்னு எழுதியிருக்கே, இப்ப நல்லாயிட்டா?" என்று கேட்டாள்.

"நல்லாயிட்டு டாக்டர். அவங்களே தினமும் பயிற்சி எடுத்து சரியாக்கிட்டாங்க" என்றாள் செல்லக்கனி.

வலது கை தப்பித்தது. கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்க அவன் இறுக்கினான். இடது கைக்கு செல்லக்கனி சுளுக்கு சொன்னாள். டாக்டரம்மா சரி என்று தலையாட்டிவிட்டு, அவனைக் கண்ணை மூடச் சொன்னாள். இரண்டு கண்ணாடிக் குழாயில் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் எடுத்து வந்து கையில் அங்கங்கே தொட்டு, "சூடா, குளிரா?" என்று கேட்டாள். இதை இவர்கள் பழகியிருக்கவில்லை.

"குளிர்" என்றான். தப்பு. "சூடு" என்றான். அதுவும் தப்பு. அடுத்ததற்கு செல்லக்கனி மெதுவாக இருமினாள். "சூடு" என்றான், சரியாக இருந்தது. அடுத்த தடவையும் இருமினாள். டாக்டரம்மா குழாயைக் கீழே வைத்தாள்.

"நீங்க கொஞ்சம் இருமாம இருங்கம்மா" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது செல்லக்கனிக்கு.

அப்போதுதான் வைகுண்டராஜன், "டாக்டர், நான் தலைப்பா கட்டிக் காட்டுகேன்" என்றான்.

"எதுக்கு?"

"ரெண்டு கையையும் தூக்காம அதக் கட்ட முடியாதுல்லா. பாத்துட்டு எழுதுங்க."

அவன் தலைப்பாகையை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தான். அது பிரியவில்லை. செல்லக்கனி குனிந்து பார்த்தாள். மடிப்புகள் அவிழாமலிருக்க உள்பக்கமாக நீல நூலால் தையல் போட்டிருந்தது. பொடிப்பொடியான தையல். அஜிதாவின் பள்ளிக்கூட யூனிஃபார்மில் பிரிந்த ஓரத்தை அவளே தைத்துக்கொள்வாளே, அதே தையல். வைகுண்டராஜன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். துணியின் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு கைகளைத் தூக்கினான்.

வலது கை காது வரைக்கும் போயிற்று. இடது கை நெஞ்சைத் தாண்டவில்லை. துணி நழுவி மடியில் விழுந்தது. மறுபடி எடுத்தான், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை, சொல்லிக் கொடுத்தபடி ஒரே வீச்சில் தூக்கினான். துணி தரையில் போய் விழுந்தது. அதை எடுக்கக் குனிய அவனால் முடியாது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"போதுங்க" என்றாள் டாக்டரம்மா. அவளே குனிந்து எடுத்து மடித்துக் கொடுத்தாள்.

முதுகுத்தண்டில் அடிபட்ட இடத்துக்கு உள்ளே நீர் கட்டியிருக்கலாம், பல வருஷம் கழித்து சிலருக்கு இப்படி வரும், அது மெல்ல மெல்ல மேலே ஏறும் என்றாள். ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆபரேஷன் செய்தால் மேலே ஏறாமல் நிறுத்தலாம். போன பலம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. ஆறு மாசம் முன்னால் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "வண்டிய ஓட்டிராதீங்க" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பழைய காகிதத்தை மறுபடி வாசித்தாள். "இதுல எழுதினது சரியாத்தான் இருக்கு. மாத்த ஒண்ணும் இல்ல."

அவர்கள் பொய் சொல்லி வாங்கிய காகிதம். ஒரு எழுத்து மாற்றாமல் அது உண்மையாகிவிட்டது. செல்லக்கனி வெளியே வந்து மருத்துவமனைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். தன் வாய்தான் பலித்துவிட்டது, தான் தொங்கப் போடச் சொன்ன கைதான் தொங்கிவிட்டது என்று அவள் நினைத்தாள். அப்படி இல்லை என்று எபிசன் எவ்வளவோ சொன்னான். டாக்டரம்மா சொன்ன நீர்க்கட்டுக் கணக்கை எல்லாம் சொன்னான். அவள் காதில் ஏறவில்லை, இன்று வரைக்கும் ஏறவில்லை.

அடுத்த வாரம் எபிசன் வந்து கம்பியைக் கழற்றினான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குமிழையும் கழற்றி, துளை விழுந்த இடத்தை அடைத்து, கம்பெனி மிதியைத் துடைத்து வைத்தான். வைகுண்டராஜன் சன்னலை அடைக்கச் சொல்லிவிட்டான். இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமணி மறுபடி டார்ச் அடித்துப் பார்த்து, மாற்றம் எதுவும் இல்லை, கம்பெனி கொடுத்த நிலையில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி வரலியா?" என்று கேட்டார். எபிசன் காகிதத்தை வாங்கிக்கொண்டான். செல்லக்கனி பேரில் இன்னும் ஐந்து வருஷத்துக்கு அந்தக் கார் ரோட்டில் ஓடலாம்.

அது வாசலில் நின்றது. பேட்டரி இறங்கிவிடக்கூடாது என்று வைகுண்டராஜன் சொன்னதால் தினமும் சாயங்காலம் செல்லக்கனி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகுவாள். பத்து நிமிஷம் இஞ்சின் ஓடும். அவன் உள்ளே கட்டிலில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பான். "சத்தம் கொள்ளாம், அணைச்சிரு" என்பான். ஒரு நாளில் அவன் தானாகப் பேசுவது அநேகமாக அவ்வளவுதான். ஸ்கேன் எடுத்தாயிற்று, ஆபரேஷனுக்குத் தேதி வர வேண்டும். வரட்டும் என்றான். வராவிட்டாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பான்.

பூவை இப்போது வேறு ஒருவர் வேனில் கொண்டு வந்து போடுகிறார், அவர் போடுவதுதான் பூ. அஜிதா பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போகிறாள். பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டிருந்ததால் ஒரு நாள் செல்லக்கனியும் அவளோடு போனாள். நல்ல வேளையாக உட்கார இடம் கிடைத்தது. கால்வாய்ப் பாலத்தில் ஏறி பஸ் அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியது. செங்குத்தான இறக்கம், முடிகிற இடத்தில் பெரிய ரோடு குறுக்கே போகும், எப்போதும் லாரி வந்துகொண்டிருக்கும்.

அஜிதாவின் வலது கை மடியிலிருந்த பையின் மேல் இருந்தது. இறக்கம் தொடங்கியதும் அந்தக் கை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து அமுக்கத் தொடங்கிற்று. உள்ளங்கை வெளுக்கும்படி அமுக்கினாள். கண் ரோட்டிலேயே இருந்தது. பஸ் பெரிய ரோட்டில் திரும்பி நேரானதும் கையை எடுத்துப் பையின் மேல் வைத்துக்கொண்டாள்.

"என்னட்டி செய்த?"

"ஒண்ணும் இல்லம்மா. பழக்கம்."

"என்ன பழக்கம்?"

அஜிதா வெளியே பார்த்தாள். "பாலத்து எறக்கம் வந்தா அப்பா 'மக்களே'ன்னு சொல்லுவாரு. நானும் கை வைப்பேன். ரெண்டு பேரும் சேந்து அமுக்கினாத்தான் நிக்கும்."

"எப்ப இருந்து?"

"எட்டாங்கிளாஸ் முழுப்பரிட்சையில இருந்து. ஒரு நாளு நான் குனிஞ்சு ஷூவக் கட்டிட்டு இருந்தேம்மா. அப்பா கூப்பிட்டது கேக்கல. லாரிக்காரன்தான் பிரேக்கு போட்டான்." அவள் குரல் தணிந்தது. "அப்பா அழுதாரு. அம்மைக்கிட்ட சொல்லாதன்னாரு. சொன்னா வண்டிய எடுத்துருவாங்கன்னாரு. எடுத்துட்டா அப்பா பழையபடி சொவரப் பாத்துப் படுத்துருவாருல்லா?"

அந்த இன்ஸ்பெக்டரை அவள் திட்டாத திட்டு இல்லை. அவன் குடும்பம் விளங்குமா என்றுகூட ஒரு நாள் மண்ணை வாரி விட்டிருக்கிறாள். அவர் குந்தி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்த அந்த இரண்டு ஒட்டுகள்தான் இந்தப் பிள்ளையை இப்போது பக்கத்தில் உட்கார வைத்திருக்கின்றன. அது தெரிந்த பிறகும் நன்றி என்று ஒன்று அவள் மனதில் எழும்பவில்லை. வீட்டில் அவன் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறான். அவள் மகளின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டாள். பள்ளிக்கூட நிறுத்தம் வரைக்கும் விடவில்லை.

மத்தியானம் அவள் வீட்டுக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வைகுண்டராஜன் முகத்தைத் திருப்பவில்லை.

"பஸ்ஸுல கூட்டமா?" என்று கேட்டான்.

"இல்ல. இருக்க எடம் கெடச்சுது."

அவன் சுவரிடமே கேட்டான்.

"பாலத்துல மெதுவா எறக்குனானா?"

"மெதுவாத்தான் எறக்குனான்" என்றாள் செல்லக்கனி.